மூட்டைக்கு எண் போடுவது மெஷினின் வேலை

தஞ்சாவூர்ப் பக்கத்தில் சாப்ட்வேருக்கு வெர்ஷன் எண் வருவதற்கு வெகு காலம் முன்பே நெல்லுக்கு எண் வந்துவிட்டது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல் தொடங்கப்பட்டது. அங்கிருந்து வெளியான ரகங்களுக்கு ஏ.டி.டி. என்ற மூன்று எழுத்தும் ஒரு வரிசை எண்ணும்தான் பெயர். குறுவைக்கு விதை வாங்கப் போகிறவர் "43 இருக்கா, 36 இருக்கா" என்றுதான் கேட்பார். கடைக்காரருக்கும் உடனே புரிந்துவிடும்.

இந்த எண் தானாக ஏறுவதில்லை. ஆராய்ச்சி நிலையத்தில் எத்தனையோ ஒட்டு ரகங்களைப் பரிசோதனைக்குப் போடுகிறார்கள். வருடக்கணக்கில் பார்த்து, இதை விவசாயிக்குக் கொடுக்கலாம் என்று ஒரு குழு கூடி முடிவு செய்த பிறகுதான் அடுத்த எண் கிடைக்கிறது. ஏ.டி.டி. 43 வந்தது 1998-ல், ஏ.டி.டி. 45 வந்தது 2001-ல். 45 வந்துவிட்டதே என்று 43-ஐ யாரும் கைவிட்டுவிடவில்லை.

அதே விதை மூட்டையில் இன்னொரு எண்ணும் உண்டு. சான்று பெற்ற விதை என்றால் மூட்டையின் வாயில் நீல நிற அட்டை தைத்திருக்கும். அதில் ரகத்தின் பெயரோடு குவியல் எண், பரிசோதனை செய்த நாள், எதுவரை செல்லும் போன்ற விவரங்கள் இருக்கும். குவியல் எண்ணைப் பார்த்து விதை வாங்குபவர் யாரும் இல்லை. ஆனால் போட்ட விதை முளைக்கவில்லை என்று புகார் கொடுக்கப் போனால் அந்த எண் வேண்டும். அதை வைத்துத்தான் விதை எங்கே விளைந்தது, எப்போது சுத்தம் செய்யப்பட்டது, அதே குவியலின் மற்ற மூட்டைகள் எங்கெங்கே போயின என்று தேட முடியும். ரகத்தின் பெயரை மட்டும் சொன்னால் ஒன்றும் நடக்காது. ஜில்லா பூராவும் அதே ரகம்தானே போட்டிருக்கிறார்கள்!

சாப்ட்வேருக்கும் இந்த இரண்டு எண்களும் வேண்டும். கடைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் நம் ஊர்களில் எழுதித் தரப்படும் சின்ன சாப்ட்வேர்கள் பலவற்றில் முதல் எண் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் பிறந்த நாளிலிருந்து 1.0 என்று மாறாமல் நிற்கிறது. இரண்டாவது எண்ணை, அதாவது குவியல் எண்ணை, புரோகிராம் எழுதுபவர் கையால் போடவே கூடாது. சாப்ட்வேரை உருவாக்கும் கருவியே ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டிப் போட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. இது புரோகிராம் எழுதுபவர்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த எண் இல்லாததால் நஷ்டப்படுவது பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கியவர்தான்.

முதலில் உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடுவோம். நீங்கள் பயன்படுத்தும் ஏதாவது ஒரு புரோகிராமின் இ.எக்ஸ்.இ. பைலைத் தேடிப் பிடியுங்கள். அதன் மேல் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து, கிடைக்கும் மெனுவில் ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். அதில் டீடெயில்ஸ் என்ற டேப் இருக்கும். அங்கே பைல் வெர்ஷன், ப்ராடக்ட் வெர்ஷன் என இரண்டு வரிகள் தெரியும். பைல் வெர்ஷன் பெரும்பாலும் நடுவே புள்ளி வைத்த நான்கு எண்களாக இருக்கும். முதல் எண் பெரிய மாற்றத்துக்கு, இரண்டாவது சிறிய மாற்றத்துக்கு, மூன்றாவதும் நான்காவதும் பில்ட், ரிவிஷன் எனப்படும் உள் கணக்குக்கு. விண்டோஸின் எண்ணைத் தெரிந்துகொள்ள ரன் கட்டத்தில் வின்வெர் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை: பெயர்தான் 11, உள்ளே இருக்கும் எண் இன்னமும் 10.0 தான். 2021-ல் வந்த முதல் விண்டோஸ் 11-ன் முழு எண் 10.0.22000. விண்டோஸ் 7-ம் உள்ளே 6.1 ஆகத்தான் இருந்தது. கடையில் சொல்லும் பெயர் வேறு, கணக்கில் எழுதும் எண் வேறு என்று மைக்ரோசாப்ட் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது.

இப்போது நஷ்டக் கணக்குக்கு வருவோம். 2022 ஜூலை 18, திங்கட்கிழமை. அரிசி வியாபாரிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன் பதிவு செய்த பிராண்டு பெயரில் விற்கும் அரிசிக்குத்தான் 5 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. அன்று முதல் முன்கூட்டியே பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் பிராண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5 சதவீதம் என்று மாறியது. ஒரே பொட்டலம் 25 கிலோவுக்கு மேல் போனால் வரி இல்லை. பத்துப் பத்து கிலோ பைகளைச் சேர்த்து ஒரு பெரிய சாக்கில் கட்டினால் வரி உண்டு. இதன் விளைவாகத்தான் 26 கிலோ அரிசி மூட்டை என்ற புதுப் பிராணி கடைகளில் நடமாட ஆரம்பித்தது.

ஒரு ஆலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர், எடைமேடையில் ஒன்று, டவுனில் உள்ள விற்பனைக் கடையில் ஒன்று. மூன்றிலும் உள்ளூர்ப் பையன் ஒருவர் எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம். அந்தத் திங்கட்கிழமை காலையில் அவர் அவசர அவசரமாகப் புது விதியைச் சேர்க்கிறார். 25 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் வரி என்று எழுதிவிடுகிறார். பென் டிரைவில் போட்டு மூன்று இடத்துக்கும் அனுப்பியாகிவிட்டது. மத்தியானம் ஆடிட்டர் போன் செய்து, 25 கிலோவையும் சேர்த்துத்தான் வரி, சரியாக 25 கிலோ மூட்டைக்கு நீங்கள் வரி போடவில்லையே என்கிறார். புரோகிராமில் ஒரே ஒரு சமக்குறியைச் சேர்த்தால் வேலை முடிந்தது. மறுபடி பென் டிரைவ். ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டாயிற்று, கடையிலும் போட்டாயிற்று. எடைமேடையில் லாரி வரிசை கட்டி நிற்கிறது, சாயங்காலம் போட்டுக்கொள்கிறேன் என்கிறார் அங்கே இருப்பவர்.

சாயங்காலம் போட்டாரா இல்லையா?

பத்து நாள் கழித்து இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது. மூன்று கம்ப்யூட்டரிலும் ஹெல்ப் மெனுவில் அபௌட் கிளிக் செய்தால் வெர்ஷன் 1.0 என்றே வரும். பைல் அளவைப் பார்க்கலாமே என்றால், ஒரு சமக்குறி சேர்த்த மாற்றத்தில் அளவு கூட மாறாமல் இருக்கலாம். தேதியைப் பார்க்கலாமே என்றால், பைலை ஸிப் செய்து அனுப்பி, அங்கே பிரித்து, பெயர் மாற்றி, காப்பி செய்ததில் எந்தத் தேதியை நம்புவது? 25 கிலோ மூட்டைகள்தான் அரிசி வியாபாரத்தில் அதிகம் ஓடுபவை. மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவர்கள் அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 போட வேண்டும். அதற்குள் எந்தெந்த பில் தப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். வாங்கியவரிடம் வசூலிக்காத வரியை ஆலைக்காரர் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும்.

காலையில் கொடுத்தது 1.0.41, மத்தியானம் கொடுத்தது 1.0.42 என்று இருந்திருந்தால் ஒரு போன் போதும். "அண்ணே, திரையின் மூலையில் என்ன எண் போட்டிருக்கு?" என்று கேட்டால் முடிந்தது. பில்லின் அடியிலும் அந்த எண்ணை அச்சடித்திருந்தால் போன் கூட வேண்டாம். 41 என்று அடித்திருக்கும் பில்களை மட்டும் தனியே எடுத்தால் போதும்.

சரி, அந்தப் பையன் ஞாபகமாக எண்ணை மாற்றியிருக்கலாமே, இதற்கு எதற்குத் தானியங்கி ஏற்பாடு என்று கேட்கலாம். மாற்ற மாட்டார். அவர் சோம்பேறி என்பதால் சொல்லவில்லை. எண் மாறியே ஆக வேண்டிய சமயம் எது? அவசரத் திருத்தம், வாடிக்கையாளர் தலைக்கு மேல் நிற்கிறார், ஒரே நாளில் மூன்று முறை கொடுக்கிறோம் என்ற சமயம்தான். அந்தச் சமயத்தில்தான் மனிதனுக்கு எண் ஞாபகம் வராது. சாவகாசமாக உட்கார்ந்து எழுதும்போது எண்ணை மாற்ற எல்லாருக்கும் தோன்றும், ஆனால் அப்போது அதற்கு அவசியம் இருக்காது. அதற்குப் பதில் பைலுக்குப் பெயர் வைப்பார்கள்: பில்லிங் புதுசு, பில்லிங் பைனல், பில்லிங் பைனல் 2, பில்லிங் ஒரிஜினல் பைனல். இந்த வரிசையில் எது கடைசி என்று வைத்தவருக்கே ஒரு வாரத்தில் தெரியாது.

இத்தனைக்கும் இந்த வசதி புதிதல்ல. இன்றும் பல கடைகளில் ஓடிக்கொண்டிருக்கும் விசுவல் பேசிக் 6 புரோகிராம்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுதும் கருவிக்கு மைக்ரோசாப்ட் தன் ஆதரவை 2008-ல் நிறுத்திவிட்டது, புரோகிராம்கள் மட்டும் விண்டோஸ் 11-லும் அசராமல் ஓடுகின்றன. அந்தக் கருவியில் ப்ராஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸ் விண்டோவில் மேக் என்ற டேப்புக்குப் போனால் ஆட்டோ இன்கிரிமென்ட் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்துவிட்டால் ஒவ்வொரு முறை இ.எக்ஸ்.இ. பைலை உருவாக்கும்போதும் ரிவிஷன் எண் ஒன்று கூடும். ஒரே ஒரு டிக்! டெல்பியிலும் இதேபோல் பில்ட் எண்ணைத் தானாகக் கூட்டும் கட்டம் உண்டு.

டாட் நெட்டில் வேறு வழி வைத்தார்கள். அசெம்பிளி வெர்ஷன் வரியில் 1.0 என்று எழுதி, புள்ளி வைத்து, ஒரு நட்சத்திரக் குறி போட்டால் மீதி இரண்டு எண்களை கம்பைலரே நிரப்பிவிடும். நிரப்பும் விதம் அழகானது. மூன்றாவது எண் 2000 ஜனவரி 1-லிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கு. நான்காவது அன்று நள்ளிரவிலிருந்து கடந்த விநாடிகளில் பாதி. மேலே சொன்ன 2022 ஜூலை 18 காலை சரியாகப் பத்து மணிக்கு உருவாக்கிய புரோகிராம் என்றால் 1.0.8234.18000 என்று வரும். மத்தியானம் இரண்டு மணிக்கு உருவாக்கியது 1.0.8234.25200. கால்குலேட்டர் இருந்தால் எண்ணைப் பார்த்தே என்றைக்கு, எத்தனை மணிக்குப் பிறந்தது என்று ஜாதகம் கணித்துவிடலாம். விநாடியை எதற்குப் பாதியாக்கினார்கள் என்றால், ஒரு நாளில் 86,400 விநாடிகள். இந்த எண்களில் ஒவ்வொரு பகுதியும் 65,535-ஐத் தாண்ட முடியாது. பாதியாக்கினால் 43,200, அடங்கிவிடும்.

தானாக ஏற்றுவதை எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. புரோகிராம் எழுதுபவர் ஒரு நாளில் ஐம்பது முறை கம்பைல் செய்து பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் எண் ஏறினால் வாடிக்கையாளரிடம் போவது 1.0.3, அடுத்தது 1.0.212 என்று தாவும். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறார்கள். அர்த்தம் இருக்க வேண்டியதில்லை என்பது என் பதில். குவியல் எண்ணுக்கு என்ன அர்த்தம் இருக்கிறது? வேறு எந்தக் குவியலுக்கும் அந்த எண் இல்லை என்பது போதாதா? இருந்தாலும் சோதனைக்காக ஓட்டிப் பார்ப்பதற்கெல்லாம் எண் ஏற்றத் தேவையில்லை, வெளியே கொடுப்பதற்காக உருவாக்கும்போது ஏறினால் போதும். விசுவல் பேசிக் 6 அப்படித்தான் செய்தது. எஃப்5 அழுத்தி ஓட்டிப் பார்த்தால் எண் அசையாது.

இன்னொரு ஆட்சேபம்தான் உண்மையிலேயே கனமானது. அந்த எண்ணை எங்கே எழுதி வைத்திருக்கிறது? விசுவல் பேசிக்கில் அது ப்ராஜெக்ட் பைலுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு பேர் இரண்டு கம்ப்யூட்டரில் அதே ப்ராஜெக்ட்டை வைத்துக்கொண்டு வேலை செய்தால் இருவரும் தனித்தனியே 57 போடுவார்கள். ஒரே எண்ணில் இரண்டு குவியல். எண்ணே இல்லாததைவிட இது மோசம், ஏனென்றால் நம்பி ஏமாறுவோம். அதனால் எண் ஏறும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். வெளியே கொடுக்கும் இ.எக்ஸ்.இ. எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் உருவாக வேண்டும். கிட் போன்ற வெர்ஷன் கன்ட்ரோல் சாப்ட்வேர் பயன்படுத்துபவர்களுக்கு இது சுலபம். இதுவரை எத்தனை முறை மாற்றம் பதிவாகியிருக்கிறது என்ற எண்ணிக்கையை அதனிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதில் டிஸ்கிரைப் என்று ஒரு கட்டளை இருக்கிறது. நாம் கடைசியாக 1.4 என்று பெயர் வைத்த இடத்திலிருந்து இது 23-வது மாற்றம், இன்ன அடையாளம் கொண்டது என்று ஒரே வரியில் சொல்லிவிடும். பெயர் நாம் வைத்தது, 23 அது எண்ணியது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். தேதி, நேரத்தை எண்ணாக்கும் முறையைவிட இது நல்லது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நேரத்தை உள்ளே வைத்தால், அதே கோடை நாளைக்கு மறுபடி கம்பைல் செய்யும்போது வேறு பைல் வரும். இதிலிருந்துதான் இது உருவானது என்று நிரூபிக்க முடியாமல் போகும். டாட் நெட்டின் புதிய வகை ப்ராஜெக்ட்களில் அந்த நட்சத்திரக் குறியைப் போட்டால் கம்பைலர் மறுப்பதற்கும் இதுதான் காரணம்.

தானாக ஏற்றும்போது எந்த எண்ணை ஏற்றுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். வீட்டில் பயன்படுத்துபவர்கள் பலர் அனுபவித்திருக்கக் கூடிய ஒரு தொல்லை இதில் இருக்கிறது. புரோகிராமை அப்டேட் செய்தவுடன் நீங்கள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த பிரின்டர், எழுத்தின் அளவு, போல்டர் எல்லாம் காணாமல் போய், முதல் நாள் வாங்கியதுபோல் நிற்கும். டாட் நெட்டின் சாதாரண செட்டிங்ஸ் வசதி இந்த விவரங்களை வெர்ஷன் எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு போல்டருக்குள் வைக்கிறது. அசெம்பிளி வெர்ஷன் மாறினால் புது போல்டர், பழையது அப்படியே கிடக்கும். பழையதிலிருந்து எடுத்துக்கொள் என்று புரோகிராமில் ஒரு வரி எழுத வேண்டும். அதை எழுதாமல் எண்ணை மட்டும் தானாக ஏற்றிவிட்டால் வாடிக்கையாளர் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் திட்டுவார். எனவே ஏற வேண்டியது பைல் வெர்ஷன். அசெம்பிளி வெர்ஷனை மனிதர் மாற்றும்போது மாறினால் போதும். இதற்கு நேர் எதிரான பள்ளம் ஒன்று இன்ஸ்டாலரில் இருக்கிறது. விண்டோஸ் இன்ஸ்டாலர் ப்ராடக்ட் வெர்ஷனில் முதல் மூன்று எண்களை மட்டும்தான் ஒப்பிடும், நான்காவதைக் கண்டுகொள்ளாது. ஏற்றுவது நான்காவதை மட்டும் என்றால் உங்கள் புது வெளியீடு அதன் கண்ணுக்குப் புதிதாகவே தெரியாது.

ஏறிக்கொண்டே போகும் எண் ஒரு நாள் முட்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். லினக்ஸ் கெர்னலில் 4.4, 4.9 என்ற இரண்டு பழைய வரிசைகளுக்குத் திருத்தம் மேல் திருத்தமாக வெளியிட்டு வந்தார்கள். 2021 பிப்ரவரியில் கடைசி எண் 256-ஐத் தொட்டது. அந்தப் பகுதிக்கு ஒதுக்கியிருந்த இடம் 255 வரைதான். கணக்குப்படி 4.4.256-ம் 4.5.0-வும் ஒன்றாகிவிடும். மற்ற புரோகிராம்கள் பார்க்கும் அந்தக் கூட்டு எண்ணில் மட்டும் 255-க்கு மேல் போகாதே என்று நிறுத்திச் சமாளித்தார்கள்.

எண்ணை ஒப்பிடுவதில் நடக்கும் குளறுபடி தனி. 1.9-க்கு அடுத்தது 1.10. பள்ளிக்கூடக் கணக்குப்படி பார்த்தால் 1.10 சிறியது, எழுத்து வரிசைப்படி பார்த்தாலும் 1.10 முன்னால் வரும். நம் ஊரில் பட்டா வைத்திருப்பவர்களுக்கு இதில் குழப்பமே வராது. சர்வே எண் 112/9-க்குப் பிறகு உட்பிரிவு செய்தால் 112/10 வரும், அது 112/1-க்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று எந்த விவசாயியும் வாதாட மாட்டார். கம்ப்யூட்டர் உலகத்தில் வாதாடினார்கள். ஓப்பரா பிரவுசர் 2009-ல் 10-ம் வெர்ஷனை வெளியிட்டபோது, முதல் இலக்கத்தை மட்டும் படித்துவிட்டு இது வெர்ஷன் 1 என்று சில இணையத்தளங்கள் முடிவு செய்தன. ஓப்பரா தன்னை 9.80 என்று சொல்லிக்கொண்டு, உண்மை எண்ணை வாக்கியத்தின் கடைசியில் மறைத்து வைக்க வேண்டி வந்தது. உங்களுக்கு சாப்ட்வேர் எழுதித் தருபவரிடம் 1.9-லிருந்து 1.10-க்கு அப்டேட் ஆகுமா என்று கேட்டுப் பாருங்கள். முழித்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

எல்லாவற்றையும் மெஷினிடம் விட்டுவிடலாமா? கூடாது. முதல் இரண்டு எண்கள் ரகத்தின் பெயர். அதை வைப்பதற்கு ஒரு ஆள் யோசிக்க வேண்டும். நெல்லிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கட்டாக்கிலிருந்து வந்த சி.ஆர். 1009 என்ற நீண்ட கால ரகம் இங்கே பொன்மணி என்ற பெயரில் சம்பாவுக்குப் பரவியது. வடகிழக்குப் பருவமழையில் டெல்டா வயல்கள் நாள்கணக்கில் மூழ்கும் என்பது தெரிந்ததுதான். வெள்ளத்தைத் தாங்கும் சப்1 என்ற மரபணுவை அந்த ரகத்தில் சேர்த்தார்கள். இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும். அதற்கு என்ன பெயர் வைத்தார்கள்? சி.ஆர். 1009 சப் 1. அதே அரிசி, அதே வயது, கூட ஒரு வசதி என்று பெயரிலேயே தெரிகிறது. 1010 என்று வைத்திருந்தால் இது வேறு நெல் போலிருக்கிறது என்று விவசாயி ஒதுங்கியிருப்பார். இந்த யோசனை எந்த ஆட்டோ இன்கிரிமென்டுக்கும் வராது. மாறாக, கம்பெனிகள் வியாபாரத்துக்காகப் பெயர் எண்ணைத் தாவ வைப்பதும் நடக்கிறது. நெட்ஸ்கேப் 2000-ல் 5-ஐ விட்டுவிட்டு 6-க்குப் போனது. விண்டோஸ் 8.1-க்குப் பிறகு 9 இல்லாமல் 10 வந்தது. எனக்கு இதில் வருத்தமில்லை. பெயர் அவர்கள் இஷ்டம், உள்ளே இருக்கும் பில்ட் எண் பொய் சொல்லாமல் இருந்தால் சரி.

செல்போனுக்கு ஆப் எழுதுபவர்களுக்கு இந்த இரண்டும் ஏற்கெனவே பழக்கமாகிவிட்டது. ஆண்ட்ராய்டில் வெர்ஷன் நேம் ஒன்று, வெர்ஷன் கோடு ஒன்று. முதலாவதில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், அதுதான் நம் கண்ணுக்குத் தெரிவது. இரண்டாவது வெறும் முழு எண். முன்பு கொடுத்ததைவிட அது பெரியதாக இல்லாவிட்டால் ப்ளே ஸ்டோர் அப்டேட்டை வாங்கவே வாங்காது. விண்டோஸில் ஓடும் புரோகிராம்களுக்கு இப்படி வாசலில் நின்று கேட்க ஆள் இல்லை. எழுதுபவராகப் பார்த்துச் செய்தால்தான் உண்டு, அல்லது வாங்குபவர் கேட்டால்தான் உண்டு.

வாங்குபவர்கள் ஏன் கேட்பதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். உரமூட்டை வாங்கினால் பேட்ச் எண் பார்க்கிறோம். மாத்திரை அட்டையில் கூட பேட்ச் எண் இருக்கிறது. டேலி பயன்படுத்துபவர்கள் போனில் ரிலீஸ் எண்ணைச் சொல்லிப் பழகியவர்கள். உள்ளூரில் பதினைந்தாயிரம், இருபதாயிரம் கொடுத்து எழுதி வாங்கும் சாப்ட்வேருக்கு மட்டும் "நம்ம பையன்தானே" என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பையனுக்கும் நாளைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போகும். அவர் விட்டுச்செல்லும் சி.டி.யில் இருப்பதும் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுவதும் ஒன்றுதானா என்று புதிதாக வருபவர் கேட்பார். எண் இல்லாவிட்டால் அவர் முதல் வேலையாக எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும் என்பார், அதற்கும் நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மறுபடி மாறின. டிராக்டருக்கு 12-லிருந்து 5 ஆனது. பத்திரிகைகள் அதற்கே ஜி.எஸ்.டி. 2.0 என்று வெர்ஷன் எண் போட்டன! பில்லிங் சாப்ட்வேர் வைத்திருப்பவர்கள் அந்த வாரம் வாங்கிய அப்டேட் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பார்க்க வழியில்லை என்றால் எழுதிக் கொடுத்தவரைக் கூப்பிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். இ.எக்ஸ்.இ. உருவாக்கும்போது எண் தானாக ஏற வேண்டும். அந்த எண் திரையின் கீழ்க் கோடியில் எப்போதும் தெரிய வேண்டும், அபௌட் விண்டோவைத் தேடிப் போக வைக்கக் கூடாது. ஒவ்வொரு பில்லின் கடைசி வரியிலும், நன்றி மீண்டும் வருக என்பதற்குக் கீழே, சின்ன எழுத்தில் அது அச்சாக வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டராக இருந்தாலும் ஒரு வரிதான் கூடும்.